60 மெஷின், 4 நாள், ஒரே ஆள்: லேப் முழுக்க லினக்ஸ் போட வழி இருக்கிறதா?

சூரமங்கலம்_லேப் கேட்டது:

வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம், பிரின்சிபால் எல்லாம் படிப்பார். இரண்டு லேப்பிலும் சேர்த்து 60 மெஷின். அதில் 42 ஒரே மாடல்: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மீதி 18 கொஞ்சம் புதுசு, 8 ஜிபி ராம், 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இதுவரை எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கை கழுவிவிட்டது. 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இந்த 42-ஐ வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். புது மெஷின் வாங்கக் காசு இல்லை, அதனால் லினக்ஸ் என்று முடிவாகிவிட்டது. சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்கியூஎல் ஓடினால் பிராக்டிகலுக்குப் போதும்.

போன முறை விண்டோஸ் போட்டபோது மூன்று பென்டிரைவை வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாக நடந்தேன். 6 நாள் ஆனது. நாள் போனால் போகட்டும், நான் செய்த தப்புகள்தான் இன்னும் உறுத்துகின்றன. 17-ஆம் நம்பர் பெயரை இரண்டு மெஷினுக்கு வைத்துவிட்டேன், நாலைந்தில் நேரம் வேறு நாட்டு நேரமாக ஓடியது, ஒன்றில் கேப்ஸ் லாக் விழுந்திருப்பது தெரியாமல் பாஸ்வேர்டு அடித்துவிட்டேன், அதில் யாராலும் உள்ளே போக முடியவில்லை. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை 60 முறை சொன்னால் எங்கேயாவது நாக்கு குழறத்தானே செய்யும்.

இப்போது செமஸ்டர் லீவில் 4 நாள் கொடுத்திருக்கிறார்கள். பெரிய லேப்பில் 48 போர்ட் சுவிட்ச், பழைய 100 எம்பிபிஎஸ். சின்ன லேப்பில் கிகாபிட். இணைய லைனும் 100 எம்பிபிஎஸ்தான். ஒரு மெஷினில் ஒழுங்காகப் போட்டுவிட்டு குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் புரோகிராமில் அதன் டிஸ்கை இமேஜாக (முழு நகலாக) எடுத்து மற்றதில் இறக்கலாமா, அல்லது நெட்வொர்க் வழியே தானாகப் போடும் அந்தப் பிஎக்ஸ்இ வழிக்குப் போகலாமா? இரண்டாவதைக் கேட்டாலே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அம்மாபேட்டை_ரூட் எழுதியது:

தம்பி, உன் இடத்தில் நான் இருந்தால் குளோனை விட்டுவிட்டு, நீ பயப்படும் அந்தப் பிஎக்ஸ்இயில் பதில் கோப்பு வழியில் போவேன். காரணம் உன் கேள்வியிலேயே இருக்கிறது. 60 மெஷினும் ஒன்றுபோல இருக்கின்றனவே தவிர ஒன்று இல்லை. 500 ஜிபி டிஸ்கில் எடுத்த இமேஜை 256 ஜிபியில் இறக்கப் போனால் குளோன்சில்லா இடம் போதாது என்று நின்றுவிடும். சின்னதில் எடுத்துப் பெரியதில் இறக்கலாம், அப்புறம் பார்ட்டிஷனை இழுத்துவிட வேண்டும். அதுவும் போகட்டும், குளோன் என்றால் முதல் மெஷினின் அடையாளம் முழுவதும் நகலாகும். மெஷின் ஐடி ஒன்றே, தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச்சுக்கு மெஷின் காட்டும் அடையாளச் சாவியும் ஒன்றே. இமேஜ் எடுப்பதற்கு முன்னால் இரண்டையும் துடைக்க மறந்தால், மெஷின் ஐடியைக் காட்டி டிஹெச்சிபியிடம் (ஐபி முகவரி பங்கிட்டுக் கொடுக்கும் சேவை) முகவரி கேட்கும் சிஸ்டங்களில் இரண்டு மெஷினுக்கு ஒரே ஐபி விழும், நீ நாள் முழுக்கக் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாய்.

எங்கள் அப்பா தறிக்காரர். ஜக்கார்டு அட்டையை ஒரு தடவை குத்தி முடித்தால் அதே அட்டையை எந்தத் தறியில் மாட்டினாலும் அதே பூதான் விழும், நூல் மட்டும் அந்தந்தத் தறியுடையது. பதில் கோப்பும் அப்படித்தான். டெபியன் லினக்ஸில் அதற்குப் பிரீசீட் என்று பெயர், ரெட் ஹேட் பக்கம் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால். இன்ஸ்டாலர் கேட்கப்போகும் மொழி, கீபோர்டு, நேரம், பார்ட்டிஷன், யூசர், பாஸ்வேர்டு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைத்துவிடுகிறாய், அது தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போகிறது.

உன் 42 மெஷினுக்கு உபுண்டுவைத் தொடாதே. உபுண்டுவின் இப்போதைய இன்ஸ்டாலர் நெட்வொர்க்கில் பூட் ஆகும்போது முழு ஐஎஸ்ஓவையும் ராமுக்குள் இறக்கிக்கொள்ளும். 4 ஜிபி ராமில் 3 ஜிபிக்குப் பக்கமான ஐஎஸ்ஓ வந்து உட்கார்ந்தால் மூச்சு முட்டும், பாதியில் கெர்னல் பேனிக் ஆகி நிற்கும். டெபியனின் நெட்பூட் அப்படி இல்லை, ஒரு கெர்னலும் இனிட்ஆர்டி என்ற சின்னத் தொடக்கக் கோப்பும் வந்தால் போதும், மீதியைப் பேக்கேஜ் பேக்கேஜாக டிஸ்கிலேயே இறக்கும். டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், 4 ஜிபிக்குப் பொருத்தம்.

பிஎக்ஸ்இ பயப்படுகிற விஷயம் இல்லை. மெஷின் எழுந்ததும் நெட்வொர்க் கார்டு ‘எனக்கு ஐபி யார் தருவீர்கள், நான் எந்த ஃபைலை எடுக்க வேண்டும்’ என்று கத்தும். டிஹெச்சிபி இரண்டுக்கும் பதில் சொல்லும், கார்டு அந்த ஃபைலை டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறையில் இழுத்து ஓட்டும். அவ்வளவுதான். டிஹெச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே புரோகிராம் பார்த்துக்கொள்ளும். ஒரு பழைய லேப்டாப் போதும். அதன் லேன் போர்ட்டைச் சுவிட்சில் செருகு, வைஃபையில் இணையத்தை எடு. அதிலேயே, இறங்கிய பேக்கேஜைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியைப் போட்டுப் பிரீசீட்டில் புராக்சியாக, அதாவது இடைத்தரகனாகக் காட்டு, போர்ட் 3142. முதல் மெஷினுக்காக இணையத்திலிருந்து வந்த பேக்கேஜ் மற்ற 59-க்கும் லேப்டாப்பிலிருந்தே போகும். ஒரு மெஷினுக்கு ஒன்றரை ஜிபி என்று வைத்தால் 42-க்கு 63 ஜிபி, 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் நடைமுறையில் நொடிக்கு 11 எம்பி வரும் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பொறுத்துக்கொள்ளலாம். டிஎஃப்டிபியில் மட்டும் பெரிய ஃபைல் எதையும் வைக்காதே, அது ஒரு துண்டு அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டை எடுக்கும், நத்தை.

பிரீசீட்டை வெறும் பக்கத்தில் ஆரம்பிக்காதே. டெபியன் கையேட்டிலேயே மாதிரிக் கோப்பு இருக்கிறது, அதை எடுத்துத் திருத்து. பாஸ்வேர்டை அப்படியே எழுதாமல் ஹேஷ் ஆக்கி (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக்கி) போடு, ஏனென்றால் அந்தக் கோப்பு எச்டிடிபியில் திறந்து கிடக்கும், பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கடைசியில் லேட் கமாண்ட் என்று ஒன்று வரும். நீ தூரத்திலிருந்து நுழைய உன் எஸ்எஸ்எச் சாவியை வைப்பது, தமிழ் 99 கீபோர்டுக்கு ஐபஸ் எம்17என், லோகித் தமிழ் எழுத்துரு, எல்லாம் அங்கே.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி நெட்வொர்க்கோடு இதைச் சேர்க்காதே. சுவிட்சிலிருந்து வெளியே போகும் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆரம்பி. சில வருஷம் முன்னால் ஒரு கம்பெனிக்கு இந்த வேலையைச் செய்துகொடுத்தேன். மாலையில் வேலை முடிந்தது, சர்வரை நிறுத்தாமல் சாப்பிடப் போய்விட்டேன், வெளியே போகும் அந்த அப்லிங்க் கேபிளை யாரோ நல்லெண்ணத்தில் திரும்பச் செருகிவிட்டார்கள். இரவு கரண்ட் போய் வந்தது. அக்கவுண்ட்ஸ் பிரிவு மெஷின் ஒன்றில் பயாஸில் நெட்வொர்க் பூட் முதலில் இருந்திருக்கிறது, என் மெனுவில் முதல் தேர்வே இன்ஸ்டால். காலையில் அந்த அம்மா வந்து பார்த்தால் பளபளவென்று புத்தம்புதிய டெபியன், ஒரு வருஷக் கணக்கைக் காணோம். பேக்கப் இருந்ததால் நான் உயிரோடு இருக்கிறேன். அன்றிலிருந்து மெனுவில் முதல் தேர்வு எப்போதும் ‘உள் டிஸ்கில் பூட் ஆகு’ என்பதுதான். இன்ஸ்டால் வேண்டுமானால் ஆள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். பயாஸ் வரிசையையும் மாற்றாமல் எஃப்12 அழுத்தி ஒரு முறை மட்டும் நெட்வொர்க்கில் எழுப்பு. 60 முறை எஃப்12 அழுத்துவது பெரிய பாரம் இல்லை.

குகை_குமார் எழுதியது:

அண்ணன் சொல்வது எல்லாம் சரி, ஆனால் முதல் தடவை பிரீசீட் எழுதுகிறவருக்கு 4 நாளில் முதல் 2 நாள் அதிலேயே போய்விடும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் குளோன் கட்சி. 42 ஒரே மாடலுக்கு ஒரு இமேஜ், 18-க்கு ஒரு இமேஜ், ஆக இரண்டு. குளோன்சில்லா டிஸ்க் முழுவதையும் எடுக்காது, டேட்டா இருக்கும் பிளாக்குகளை மட்டும்தான் எடுக்கும், சுருக்கினால் 5, 6 ஜிபிதான் வரும். அதன் சர்வர் முறையில் மல்டிகாஸ்ட் என்று இருக்கிறது, சுவிட்சில் ஒரு முறை அனுப்புவதை 42-ம் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். 6 ஜிபி, நொடிக்கு 11 எம்பி, 10 நிமிடத்தில் டேட்டா இறங்கிவிடும். மெஷின் ஐடி, எஸ்எஸ்எச் சாவி அழிக்க மூன்று வரி ஸ்கிரிப்ட். டீ குடித்துவிட்டு வருவதற்குள் லேப் ரெடி.

அம்மாபேட்டை_ரூட் எழுதியது:

10 நிமிடம் என்பது 42 டிஸ்கும் நல்லபடியாக இருந்தால். மல்டிகாஸ்ட்டில் எல்லாரும் ஒரே தேரை இழுக்கிறார்கள் குமார், ஒருத்தன் கால் நொண்டினால் தேர் நிற்கும். பத்து வருஷ ஹார்டு டிஸ்கில் ஒன்றாவது பேட் செக்டரோடு முனகிக்கொண்டிருக்கும், ஒரு கேபிளாவது கிளிப் உடைந்து தொங்கும், அந்த வேகத்துக்குத்தான் மீதி 41-ம் போகும். பதில் கோப்பில் கெட்டது மட்டும் தனியாக நிற்கும், மற்றது போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஆறு மாதம் கழித்து ஒரு பேக்கேஜ் சேர்க்க வேண்டும் என்றால் நீங்கள் இமேஜைத் திரும்ப எடுக்க வேண்டும், நான் ஒரு வரி சேர்ப்பேன். ஆனால் முதல் நாள் கோப்போடு மல்லுக்கட்டியே போகும் என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சூரமங்கலம்_லேப் எழுதியது:

அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி. பரவாயில்லை. பிரீசீட் வழியில் இறங்குகிறேன், இரண்டாம் நாள் மதியம் வரை ஒன்றும் தேறவில்லை என்றால் குமார் சார் வழி. மெஷினுக்குப் பெயர் வைப்பது மட்டும் புரியவில்லை, ஒரே கோப்பு என்றால் 60-க்கும் ஒரே பெயர்தானே விழும்?

அம்மாபேட்டை_ரூட் எழுதியது:

மன்னிச்சுக்கம்மா. பெயரைப் பிரீசீட்டில் வைக்காதே, டிஹெச்சிபி கொடுக்கட்டும். இன்ஸ்டாலர் டிஹெச்சிபி சொன்ன பெயரைத்தான் முதலில் மதிக்கும். டிஎன்எஸ்மாஸ்க்கில் மேக் அட்ரஸுக்கு (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் தனி எண்) பக்கத்தில் பெயரை எழுதினால் முடிந்தது. 60 மேக் அட்ரஸை டார்ச் அடித்துப் படிக்க வேண்டாம், முதல் மெஷினிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக நெட்வொர்க்கில் எழுப்பு. டிஎன்எஸ்மாஸ்க் லாகில் அதே வரிசையில் விழும், அதை அப்படியே வெட்டி ஒட்டு. பெஞ்ச் வரிசை தவறாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

இருபதாம்_வளைவு எழுதியது:

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளி லேப்புக்குப் போன கோடையில் இதே வேலையைச் செய்தேன், 22 மெஷின். மேலே இணையம் காற்றடித்தால் போகும், மழை பெய்தால் போகும், சில நாள் சும்மாவே போகும். அதனால் கீழே அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே ஒரு பழைய மெஷினில் முழுதாக ஒருமுறை இன்ஸ்டால் ஓட்டி, லேப்டாப்பில் பேக்கேஜ் கேஷை நிரப்பிக்கொண்டு, சுவிட்சையும் கேபிளையும் பையில் கட்டி, பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். இடையில் புதுப்பிக்கப்பட்ட சில பேக்கேஜ்தான் மேலே இறங்க வேண்டியிருந்தது, அதை போன் ஹாட்ஸ்பாட்டே சமாளித்துவிட்டது. லைன் ஒழுங்காக இருக்கும் கல்லூரிக்கும் இதைத்தான் சொல்வேன், ஒரு மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போய் அங்கேயே முட்டி மோதிப் பாருங்கள். லீவு 4 நாளும் அப்போது முழுசாக மிச்சமாகும்.

யாரும் சொல்லாத ஒன்று, பட்டன் பேட்டரி. மதர்போர்டில் இருக்குமே, சிஆர்2032. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த லேப்பில் பாதிக்கு மேல் செத்திருக்கும். செத்தால் தேதி பின்னால் போய்விடும், அப்போது இன்ஸ்டாலர் பேக்கேஜ் பட்டியலின் கையொப்பத்தைச் சரிபார்த்தால் அது ‘எதிர்காலத்தில்’ போட்டதாகத் தெரியும். உடனே கையொப்பம் செல்லாது, மிரர் (பேக்கேஜ் தரும் சர்வர்) சரியில்லை என்று வேறு யார் மேலோ பழி போட்டு நின்றுவிடும். நான் அந்த ஈர மூட்டத்தில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் மிரரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தற்செயலாகப் பயாஸுக்குள் போனால் வருஷம் 2014 என்று இருக்கிறது. இப்போதெல்லாம் சர்வர் லேப்டாப்பிலேயே குரோனி என்ற நேர சர்வரை ஓட்டிப் பிரீசீட்டில் நேரம் கேட்கும் இடமாக அதைக் காட்டிவிடுகிறேன், கேபிளைப் பிடுங்கிய தனி நெட்வொர்க்கில் வெளியே போய் நேரம் கேட்க வழி இருக்காது. இருந்தாலும் பேட்டரி வாங்கிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பயாஸ் அமைப்பும் சேர்ந்து மறந்துபோகும்.

அப்புறம் யூபிஎஸ். 60-க்கும் தேவையில்லை, சர்வருக்கும் சுவிட்சுக்கும் இருந்தால் போதும். நடுவில் கரண்ட் போன மெஷினை முதலிலிருந்து திரும்ப ஓட்டினால் ஆயிற்று, சர்வர் போனால்தான் எல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டை_பில்லிங் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் கடைகளில் 9 மெஷின், டேலி இருப்பதால் விண்டோஸ்தான். இதற்கும் இந்த மாதிரி உண்டா?

குகை_குமார் எழுதியது:

உண்டு. ஆட்டோ அன்அட்டெண்ட் எக்ஸ்எம்எல் என்ற பதில் கோப்பை இன்ஸ்டால் பென்டிரைவின் மேல் மட்டத்திலேயே வைத்தால் விண்டோஸ் செட்டப் தானாக எடுத்துக்கொள்ளும். 9 மெஷினுக்கு நெட்வொர்க் எல்லாம் வேண்டாம், இரண்டு பென்டிரைவ் போதும். குளோன் செய்வதாக இருந்தால் மட்டும் இமேஜ் எடுப்பதற்கு முன் சிஸ்பிரெப்பில் ஜெனரலைஸ் (மெஷினின் அடையாளத்தைத் துடைப்பது) கொடுக்காமல் எடுக்காதீர்கள். விண்டோஸோடு வந்த பிராண்டட் மெஷின் என்றால் லைசென்ஸ் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும், செட்டப் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும்.

சூரமங்கலம்_லேப் எழுதியது:

முடிந்தது. 60-இல் 57.

வளைவு சார் சொன்னபடி லீவுக்கு முந்தின வாரம் இரண்டு மாடலிலும் ஒவ்வொன்றை வீட்டுக்கு எடுத்துப்போனேன். நல்லவேளை. கோப்பு முதல் தடவை நாலு இடத்தில் நின்றது. டிஸ்க் பெயரை எஸ்டிஏ என்று எழுதி வைத்திருந்தேன், என்விஎம்இ மெஷினில் அப்படி ஒரு டிஸ்கே இல்லை. அந்த வரியையே எடுத்துவிட்டேன், ஒரே டிஸ்க் இருந்தால் இன்ஸ்டாலர் அதையே எடுத்துக்கொள்கிறது. ரொம்பப் படுத்தியது வேறு ஒன்று: பழைய விண்டோஸை லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டிருந்த டிஸ்கை யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் எழுப்பினால், ‘ஏற்கெனவே வேறு முறையில் ஒரு சிஸ்டம் இருக்கிறது, யுஇஎஃப்ஐயில்தான் போடவா’ என்று கேட்டு நிற்கிறது. இதற்குப் பதில் எந்த மாதிரியிலும் இல்லை என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டேன், கடைசியில் கையேட்டு மாதிரிக் கோப்பிலேயே குறிப்பாகக் கிடந்தது. அதைத் திறந்து விட்டதும் ஓடியது.

லீவில் முதல் நாள் பேட்டரி. 42-இல் 11 செத்திருந்தன. மாற்றிவிட்டு மேக் அட்ரஸ் எடுத்தேன். இரண்டாம் நாள் காலை சின்ன லேப் 18-ம் 11 மணிக்குள் முடிந்தது, நான் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வந்து திரை திரையாக வேடிக்கை பார்த்தேன். பெரிய லேப்பை 14, 14-ஆகப் பிரித்து ஓட்டினேன், ஒரேயடியாக 42 விட்டபோது பழைய சுவிட்ச் திணறியது. மூன்றாம் நாள் மாலை வீட்டுக்குப் போய்விட்டேன். நாலாம் நாள் லீவு லீவாகவே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

மீதி மூன்றில் ஒன்றுக்கு லேன் போர்ட் போய்விட்டது, அதற்கு மட்டும் பென்டிரைவ். ஒன்று ஹார்டு டிஸ்க் காலி. மூன்றாவது நெட்வொர்க்கில் எழும், டிஎஃப்டிபியில் தொங்கும். கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இன்று காலேஜ் திறந்ததும் ஒரு பிரச்சினை. நானே ஒரு மெஷினில் புதுசாக ஒரு பேக்கேஜ் போடப் போனேன், 192.168.50.1, 3142-ஐத் தொட முடியவில்லை என்று சொல்கிறது. எல்லா மெஷினிலும் அதே. லேப்டாப் வீட்டில் இருக்கிறது. இணையம் நன்றாகத்தான் வருகிறது.

அம்மாபேட்டை_ரூட் எழுதியது:

அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இன்ஸ்டால் சமயத்தில் நீ கொடுத்த புராக்சியை இன்ஸ்டாலர், பேக்கேஜ் போடும் ஆப்ட்டின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் போகும். இனி போடுவதற்கு லேட் கமாண்டில் அந்த வரியை அழித்துவிடு. ஏற்கெனவே போட்ட 57-க்கு உன் எஸ்எஸ்எச் சாவிதான் உள்ளே இருக்கிறதே, பல மெஷினுக்கு ஒரே கட்டளை அனுப்பும் அன்சிபிளில் ஒரு வரி, அல்லது ஒரு சின்ன லூப். ஒவ்வொன்றாக நடக்காதே, அப்படிச் செய்தால் இவ்வளவு பாடும் எதற்கு. இல்லை, அழிக்கவே வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு மெஷினைக் கேஷ் சர்வராக லேப்பிலேயே நிரந்தரமாக விட்டுவிடு, அடுத்தடுத்த அப்டேட்டுக்கும் இணைய லைன் மிச்சமாகும். அப்போது அதன் முகவரியைத்தான் 57-இலும் மாற்றி எழுத வேண்டும்.

சூரமங்கலம்_லேப் எழுதியது:

சரிங்கண்ணா, இரண்டாவது. ஹார்டு டிஸ்க் போன மெஷினுக்கு எப்படியும் ஒரு எஸ்எஸ்டி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அதையே மூலையில் வைத்துவிடுகிறேன், ‘தொடாதே’ என்று அட்டை எழுதி.